மேற்குச் சுவருக்கு ஒரு பூச்சு

எங்கள் வீட்டின் மேற்குச் சுவரில் மழை நேராக வந்து அறையும். புதூர்நாட்டுக்குச் சற்று மேலே, சாமைக் கொல்லைகளைப் பார்த்தபடி ஒரு சரிவில் நிற்கிற வீடு அது. கண்ணமங்கலம் பக்கத்துச் சூளையிலிருந்து லாரியிலும், கடைசி வளைவுகளுக்கு ஜீப்பிலுமாக வந்து சேர்ந்த செங்கற்களால் கட்டியது. உள்பக்கம் பூசினோம், வெளிப்பக்கம் கல்லை அப்படியே விட்டுவிட்டோம். செங்கல்லின் நிறம் எனக்குப் பிடிக்கும் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை.

என் கணவர் இந்த மலையில் பிறந்தவர். இங்கேயே ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆசிரியர் பயிற்சிக்காகக் கீழே தங்கியிருந்த இரண்டு ஆண்டுகளை அவர் தன் ஆயுளில் சேர்ப்பதில்லை. நான் அடிவாரத்துக்காரி. கலசப்பாக்கத்தில் நூலகராக இருந்து, வார இறுதிகளில் மலையேறி வந்து, பிறகு ஓய்வு பெற்று முழுவதுமாக இங்கே குடிவந்தேன். என் புத்தகங்கள் ஒன்பது சாக்குகளில் வந்தன. அவற்றை மேற்குச் சுவரை ஒட்டிய படுக்கையறையில்தான் அடுக்கினோம்.

பத்து மழைக்காலங்களில் அந்தச் சுவர் கறுத்துப் பாசி பிடித்தது. சரிவில் எங்களுக்குக் கீழே குடியிருக்கிற என் நாத்தனார், ஒவ்வொரு முறை ஏறி வரும்போதும் அதைச் சொல்லாமல் போகமாட்டார்.

"இன்னா அண்ணி, வூடு அடுப்புல வச்ச சட்டி மாதிரி கீது? மாப்ள வூட்டுக்காரங்க வந்தா, பொண்ண உள்ள வச்சி பொகை போட்டாங்களான்னு கேக்கப் போறாங்க."

மகளின் திருமணப் பேச்சு அப்போது முடிவாகியிருந்தது. அடிவாரத்து நகரம் ஒன்றில் பெயிண்டுக் கடைக்குப் போனோம். செங்கல் நிறத்திலேயே, ரப்பரைப் போல இழுபடுகிற ஒரு பெயிண்டைக் கடைக்காரர் காட்டினார். "இத்த அடிச்சிட்டீங்கன்னா ஒரு சொட்டுத் தண்ணி உள்ள போவாதும்மா" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. வேறு வழியாக உள்ளே போகும் தண்ணீர் எப்படி வெளியே வரும் என்று கேட்கத் தெரியாதது எங்கள் தவறு. அறிவியல் அலமாரியை இருபத்தெட்டு ஆண்டுகள் துடைத்து அடுக்கிய எனக்கும் அந்தக் கேள்வி தோன்றவில்லை.

திருமணத்தின்போது வீடு பளபளவென்று இருந்தது. புகைப்படங்களில் அது எங்கள் வீடு போலவே இல்லை.

இரண்டாவது மழைக்காலத்தில் வெளிப்பக்கம் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. ஒன்றை விரலால் அழுத்தினேன். தோல் கிழிந்து, தேங்கியிருந்த தண்ணீர் முழங்கைவரை வழிந்தது. உள்பக்கம் பூச்சு உப்புப் பூத்து உதிர்ந்தது. கடைசி அடுக்குப் புத்தகங்களை நகர்த்தியபோது, சுவரில் ஆள் அகலத்துக்குக் கறுப்புப் பூஞ்சணம். அந்த அறையில்தான் என் கணவர் படுப்பார். அந்த ஆண்டு கார்த்திகையில் அவருக்கு இழுப்பு தொடங்கியது. ஜீப் நிற்கிற இடத்திலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் மூன்று இடங்களில் நின்றார். நின்ற ஒவ்வோர் இடத்திலும் ஏதோ ஒரு மரத்தைப் பார்ப்பவரைப் போல நின்றார்.

திருப்பத்தூரில் மருத்துவர் தெளிவாகச் சொன்னார். மருந்து கொடுக்கலாம், ஆனால் அந்த ஈரத்தில் அவர் தூங்கக்கூடாது. சுவரைச் சரிசெய்யுங்கள், அல்லது அடுத்த குளிருக்கு முன் கீழே இறங்கிவிடுங்கள்.

மகள் வேலூரிலிருந்து தொலைபேசியில் பேசினாள். நான் ஒலிபெருக்கியில் வைத்தேன்.

"மாடி ரூமு சும்மாதாம்மா கெடக்குது. கட்டில் போட்டு வச்சிட்டேன். அப்பாவக் கூட்டினு வந்துடுங்க."

"பாப்போம்மா" என்றார் அவர்.

"இன்னாப்பா பாக்கறது? மூச்சு வுட முடியலன்னா அங்க ஒக்காந்து இன்னா பண்ணப் போறீங்க?"

அவர் எழுந்து போய்ப் பலா மரத்தடியில் நின்றுகொண்டார். திரும்பி வந்து என்னிடம் மட்டும், "கீழ போயி நான் காலைல எயிந்து எந்தப் பக்கம் பாக்கறது?" என்றார். முப்பத்தேழு ஆண்டு மணவாழ்வில் அவர் என்னிடம் எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை. அதுவும் கெஞ்சலாக இல்லை. ஆனால் அன்றுதான் நான் மகளிடம் ஒரு தவணை வாங்கினேன்: அடுத்த ஆண்டு மார்கழிக்குள் அந்த உள்சுவர் காய்ந்திருந்தால் இருப்போம், இல்லையென்றால் நானே அவரை அழைத்துக்கொண்டு இறங்கிவிடுவேன்.

அதன் பிறகு படித்தேன். சுட்ட செங்கல் மழையைக் கொஞ்சம் குடிக்கும். வெயில் வந்ததும் ஆவியாக விட்டுவிடும். எங்கள் சுவரில் மேலே கைப்பிடிச் சுவர் வெடிப்பு வழியாகவும், கீழே அடித்தளத்தில் குவிந்திருந்த மண் வழியாகவும் நீர் ஏறிக்கொண்டிருந்தது. முன்பெல்லாம் அது வெளிப்பக்கமாக ஆவியாகிப் போயிருந்தது. நாங்கள் அந்த வழியை அடைத்துவிட்டோம். அதற்கு மிஞ்சியது உள்பக்கம் மட்டுமே, அதாவது அவருடைய தலையணைப் பக்கம்.

மாசியில் வேலையைத் தொடங்கினோம். வெடிப்பை அடைத்து, மண்ணை வெட்டி ஒதுக்கி, பெயிண்டை உரிப்பது முதல் வேலை. புதூர்நாட்டிலிருந்து பெயிண்டர் வந்தார். சுவரைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கையில் இருந்த கிரைண்டிங் மெஷினைத் தட்டிக் காட்டினார்.

"இத்த வச்சா ரெண்டே நாளு வேலம்மா. மூணா நாளு சுத்தமா பூடும்."

"கல்லோட மேல்தோலும் சேந்து போயிடும்பா. வெந்த தோல் போச்சுன்னா உள்ள இருக்கறது வெறும் மண்ணு."

"அப்ப கையாலயா சுரண்டறது? தீவாளிதான் வரும்."

"வரட்டும்."

அவர் என் கணவரைப் பார்த்தார். "சார், அம்மா எப்பவும் இப்டித்தானா?"

"லைப்ரரில இருந்தவங்கப்பா" என்றார் என் கணவர். "புக்கு திருப்பித் தர்றவரைக்கும் வுட மாட்டாங்க."

பெயிண்டை இளக்கும் களிம்பைத் தடவி, மரத்தகடால் வழித்து, பித்தளைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, வெந்நீரில் கழுவி, ஒரு நாளைக்கு இரண்டு முழம். பெயிண்டர் தன் மற்ற வேலைகளுக்கு இடையில் வந்து உயரமான பகுதிகளைச் செய்துகொடுத்தார். கீழ்ப்பகுதியை நானும் நாத்தனாரும் செய்தோம். அவர் வராத நாளில்லை. வாய் மூடிய நாளும் இல்லை. "மொதல்ல காசு குடுத்து பூசறது, அப்பறம் காசு குடுத்து சுரண்டறது. படிச்சவங்க வேலையே தனி அண்ணி." பங்குனி முடியும்போது சுவர் அம்மைத் தழும்பு விழுந்த முகம் போல இருந்தது. சில துளைகளில் பழைய பெயிண்டின் சிவப்பு மிச்சமிருந்தது. எச்சில் தொட்டு ஒரு கல்லில் வைத்தேன். கல் அதை உறிஞ்சிக்கொண்டது. எனக்கு அன்று அது போதும்.

இனி இதன்மேல் எதைப் பூசுவது? பூசாமலே விடலாம்தான். ஆனால் உரித்த கல் முன்னைவிட அதிகமாக மழையைக் குடிக்கும். தழும்புகளும் கண்ணை உறுத்தின. மூன்று பொருள்கள் என் முன் இருந்தன. கடைக்காரர் இந்த முறை "மூச்சு விடுற பெயிண்டு" என்று சத்தியம் செய்த ஒன்று. மகள் வரவழைத்து அனுப்பிய, கல்லோடு கல்லாகப் பிடித்துக்கொள்ளும் என்று எழுதியிருந்த கனிமப் பெயிண்டு ஒரு சிறு டப்பா. மூன்றாவது, காவி கலந்த சுண்ணாம்பு. எழுதியிருப்பதை நம்பி ஒருமுறை ஏமாந்தாயிற்று. ஆகவே நிறுத்துப் பார்ப்பது என்று முடிவு செய்தோம்.

அந்த யோசனை என் கணவருடையது. வீடு கட்டியபோது மிஞ்சிய செங்கற்கள் கிணற்றடியில் கிடந்தன. நான்கை எடுத்துக் கழுவினார். மூன்றில் கல்லுக்கொரு பூச்சை அடிப்பக்கம் தவிர மற்ற எல்லாப் பக்கமும் அடித்து மூன்று வாரம் ஆறவிட்டோம். நான்காவது வெறும் கல். பிறகு நான்கையும் அடிப்பக்கம் மூழ்க ஒரு பகல் முழுதும் தண்ணீரில் வைத்து, எடுத்துத் துடைத்து, அந்த அடிப்பக்கத்தில் மெழுகை உருக்கி ஊற்றி அடைத்தோம். இனி உள்ளே இருக்கிற நீர் வெளியேற வேண்டுமானால் பூச்சின் வழியாகத்தான் போயாக வேண்டும். புளி நிறுக்கிற தராசில் காலையும் மாலையும் நிறுத்து, கதவின் பின்பக்கத்தில் சாக்பீஸால் எழுதினார். இழுப்பு வரும்போது தராசைப் பிடித்தபடியே நின்றுவிட்டு, பிறகு எழுதினார்.

நாத்தனார் வந்து பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்தார்.

"இன்னாண்ணா இது? புளி போயி இப்ப செங்கல்லு வியாபாரமா? கிலோ இன்னா வெல?"

"ஒனக்கு ஒரு கல்லு எனாம்."

"எனக்கு எதுக்கு? அண்ணி தலைல வையி. ஈரம் போச்சான்னு அவங்களே சொல்லுவாங்க."

மூன்றாம் நாள் மாலை வெறும் கல் ஏறக்குறையக் காய்ந்திருந்தது. சுண்ணாம்பு பூசியது அதற்குச் சற்றே பின்னால். கனிமப் பெயிண்டு அதையும் ஒட்டியே வந்தது. கடைக்காரர் சத்தியம் செய்த கல் குடித்ததில் பாதியை இன்னும் வைத்திருந்தது. என் கணவர் தன் எண்களைத் தேர்வுத்தாள் திருத்துபவரைப் போல இரண்டு முறை சரிபார்த்து, அந்த வரியை மட்டும் குறுக்கே அடித்தார்.

மீதி இரண்டில் தேர்வது எளிதாக இல்லை. கனிமப் பெயிண்டு பல ஆண்டுகள் உழைக்கும். ஆனால் சுத்தமான கல் இல்லாவிட்டால் பிடிக்காது, பிடித்துவிட்டால் பிறகு எடுக்க முடியாது. எங்கள் கல்லின் துளைகளிலோ பழைய பாவம் மிச்சமிருந்தது. சுண்ணாம்பு ஆண்டுக்கொரு முறை மறுபூச்சுக் கேட்கும்; தவறு நேர்ந்தால் தேய்த்துக் கழுவிவிட்டு மறுபடி தொடங்கலாம். ஒருமுறை பெரிதாகத் தவறியிருந்த நான், திருத்தக்கூடியதையே தேர்ந்தேன்.

சுண்ணாம்புக் கல்லைத் திருப்பத்தூரிலிருந்து வரவழைத்துத் தண்ணீரில் வேகவிட்டு, பத்து நாள் ஊறவைத்து, பழைய வேட்டியில் வடிகட்டினோம். காவி கலந்து முதல் கோடு இழுத்தபோது ரத்தச் சிவப்பாக இருந்தது. பெயிண்டர் பின்வாங்கினார். "இன்னாம்மா, வேலுக்குப் பூசறாப்ல கீது?" காய்ந்த பிறகு அது வெளுத்து, நீர் தெளித்த மண் போலானது. ஐந்து பட்டைகள் அடித்துப் பார்த்து, நான்காவதைத் தேர்ந்தோம். நாத்தனார் தலையைச் சாய்த்துப் பார்த்தார். "வூடு கட்டச்சொல்ல இருந்த கலருதான இது? இதுக்கா அஞ்சு மாசம்?"

ஆனியில் பூசும் நாளன்று நான் என் கணவரை மருத்துவரிடம் அழைத்துப்போக வேண்டியிருந்தது. பெயிண்டரிடம் ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்லிவிட்டுப் போனேன்: பசை எதையும் கலக்கக்கூடாது. சுண்ணாம்பு துணியில் ஒட்டாமலிருக்க எல்லாரும் பசை கலப்பது வழக்கம். பசை கலந்தால் அது மறுபடி பெயிண்டு ஆகிவிடும். அவர் கலக்கவில்லை. மாலையில் திரும்பியபோது சுவர் முழுதும் பூசி முடிந்து, சாயும் வெயிலில் அழகாக இருந்தது. கையால் தொட்டேன், விரலில் சிறிதும் ஒட்டவில்லை. எவ்வளவு நன்றாகப் பிடித்திருக்கிறது என்று மகிழ்ந்தேன். அந்த மகிழ்ச்சியை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

ஆடிச் சாரல் தொடங்கிப் பத்து நாளில் சுவரில் சாம்பல் நிறப் புள்ளிகள் தோன்றின. அருகே போனால் புளித்த வாடை. புள்ளிகள் இணைந்து பூனை ரோமம் போல வளர்ந்தன. மறுபடி பூஞ்சணம், இந்த முறை வெளிப்பக்கம். என் கணவர் அதைப் பார்த்துவிட்டு உள்ளே போய், துணிமணி அடுக்கிக்கொண்டு வர மகள் அனுப்பியிருந்த பெரிய பெட்டியைப் பரணிலிருந்து இறக்கித் தூசி துடைத்தார். நான் அவரைத் தடுக்கவில்லை.

பெயிண்டரை அழைத்துக் கேட்டேன். "பசை போடலம்மா, எம்புள்ளைங்க மேல சத்தியம். கஞ்சிதான்."

"என்ன கஞ்சி?"

"அக்காதான் எடுத்தாந்து ஊத்துச்சி. சாமைக் கஞ்சி."

நாத்தனாரைத் தேடிக் கீழே போனேன். முற்றத்தில் புளியங்கொட்டை தட்டிக்கொண்டிருந்தார். நான் வருவதைப் பார்த்தும் சுத்தியலை நிறுத்தவில்லை.

"ஆமா, நாந்தான் ஊத்தனேன். இன்னா இப்போ? கஞ்சி ஊத்தாம யாருனா சுண்ணாம்பு அடிப்பாங்களா? எங்க வூட்ல பொங்கலுக்கு அடிக்கிறதெல்லாம் கஞ்சி ஊத்தித்தான்."

"பொங்கலுக்கு அப்புறம் வெயில்மா. இது ஆடிச் சாரல். ஈரத்துல கஞ்சி புளிச்சி, அதத் தின்னு பூஞ்சணம் வளந்திருக்கு."

சுத்தியல் நின்றது. மடியில் கிடந்த கொட்டைகளைக் கீழே தள்ளினார்.

"சாயங்காலம் அண்ணன் அந்த செவுத்துல சாஞ்சிக்கினுதான அண்ணி வெயில் காயும்? வெள்ளச் சட்டை. முதுகெல்லாம் காவியாப் பூடுமேன்னு ஒரு குண்டான் வடிச்சி எடுத்தாந்தேன்." பிறகு குரல் மாறியது. "இத்தினி மாசம் ஒங்க கூடதான சொரண்டனேன். கஞ்சி ஆவாதுன்னு எனக்கு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

பெயிண்டருக்குச் சொன்னேன், தொலைபேசியில் மகளுக்கு விளக்கினேன், ஈரம் எப்படி ஏறுகிறது, எப்படி இறங்குகிறது என்று மருத்துவரிடம்கூடப் பேசினேன். தினமும் என் பக்கத்தில் அமர்ந்து சுவரைத் தேய்த்தவரிடம் ஒரு முறையும் சொல்லவில்லை. கேலி செய்வார் என்று நினைத்தேன். கேலி செய்பவர்களுக்குக் காது இல்லை என்று நான் எப்போது முடிவு செய்தேன் என்று தெரியவில்லை. அந்த முற்றத்திலேயே உட்கார்ந்து, செங்கல் எப்படி நீரைக் குடித்து வெளியே விடுகிறது என்பதை முதலிலிருந்து சொன்னேன். அவர் கேட்ட கேள்விகள், புத்தகம் படித்த எனக்குத் தோன்றாதவை.

"செரி, கஞ்சி வோணாம். அப்ப சட்டைல ஒட்டாம இருக்க இன்னா வழி?"

"மெல்லிசா அடிக்கணும். அடிக்கறதுக்கு முன்ன சுவர நனைக்கணும். அடிச்ச பிறகு ரெண்டு மூணு நாள் சட்டுனு காயாமப் பாத்துக்கணும். மெதுவாக் காஞ்சாத்தான் சுண்ணாம்பு கல்லாகும்."

"அவ்ளோதானா? கோணிய நனைச்சி தொங்க வுட்டா ஆச்சி. புளி மூட்ட கோணி எங்கூட்ல நாப்பது கீது."

ஆவணியில் மழை இடைவெளி விட்டது. கஞ்சிப் பூச்சை முழுதும் தேய்த்துக் கழுவினோம். இந்த முறை சுண்ணாம்பை நாத்தனாரே கலக்கினார். பால் பதத்துக்கு நீர்க்க, ஐந்து முறை, ஒவ்வொன்றும் ஒரு நாள் இடைவெளியில். ஒவ்வொரு பூச்சும் வழியாமல் பிடித்து நின்றதும் கைப்பிடிச் சுவரிலிருந்து கயிறு கட்டி, ஈரக் கோணிகளைச் சுவரில் படாமல் ஒரு சாண் தள்ளித் தொங்கவிட்டோம். வழியில் போன ஜீப்காரர் ஒருவர் நிறுத்தி, "இன்னாம்மா, வூட்டுக்குக் காய்ச்சலா?" என்று கேட்டார். "ஆமா, ஊசி போட்டுட்டோம். நீ கெளம்பு" என்றார் நாத்தனார்.

ஐப்பசி, கார்த்திகை மழை வழக்கம்போலவே மேற்கில் அறைந்தது. மழையில் சுவர் கருஞ்சிவப்பாக மாறும். வெயில் வந்து நான்கு மணி நேரத்தில் திட்டுத் திட்டாக வெளுத்து, மாலைக்குள் தன் நிறத்துக்கு வந்துவிடும். என் கணவர் சாக்பீஸும் கையுமாக அந்த நேரத்தைக் குறித்துக்கொண்டிருந்தார். உள்ளே, உதிர்ந்த பூச்சையும் சுண்ணாம்பாலேயே ஒட்டியிருந்தோம். அங்கே உப்பு ஒருமுறை பூத்தது, துடைத்தேன். மறுபடி பூத்தது, முன்னைவிடக் குறைவாக. துடைத்துக்கொண்டே இருந்தேன். அவருக்கு இழுப்பு வந்த நாள்களும் இருந்தன. ஆனால் வந்தது போயிற்று; முந்தைய ஆண்டைப் போலத் தங்கவில்லை.

மார்கழியில் மகள் வந்தாள். மூடுபனியில் ஜீப் விளக்குப் போட்டுக்கொண்டு பகல் பதினொரு மணிக்கு வந்து சேர்ந்தது. அப்பாவைப் பார்த்த கையோடு படுக்கையறைக்குப் போய், சுவரில் உள்ளங்கையை வைத்தாள். மேலே, நடுவே, கீழே. பிறகு கட்டிலை நகர்த்திவிட்டு மூலையில் குனிந்தாள்.

"இங்க ஈரம் இருக்கும்மா."

இருந்தது. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு, மூலையில் மட்டும். நான் அதை மறைக்கவும் இல்லை, விளக்கவும் இல்லை. நாத்தனார்தான் வாசற்படியிலிருந்து குரல் கொடுத்தார். "ஒரு சாண்தான்டி கீது. போன வருசம் ஒங்கப்பன் ஒசரத்துக்கு இருந்துச்சி. நாலு நாளு இங்கியே படுத்துப் பாரு, அப்பறம் பேசு."

மகள் அந்த அறையிலேயே நான்கு நாள் படுத்தாள். அப்பாவின் மூச்சைக் கேட்டபடிதான் படுத்திருப்பாள் என்று எனக்குத் தெரியும். நானும் அடுத்த அறையில் அதையே செய்துகொண்டிருந்தேன். மூன்றாம் நாள் விடியலில் அவர் இருமினார். அவள் எழுந்து வெந்நீர் வைத்தாள். குடித்துவிட்டு மறுபடி தூங்கினார். நாங்கள் இருவரும் அடுப்படியில் காத்திருந்தோம். வெளிச்சம் வந்தபோது அவர் எழுந்து, யார் துணையும் இல்லாமல் கொல்லைவரை நடந்துபோய், துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு திரும்பி வந்தார். அதன்பின் திருப்பத்தூருக்குப் போனோம். மருத்துவர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். இந்தக் குளிர் இங்கேயே இருக்கலாம், மாசியில் வந்து காட்டுங்கள் என்றார்.

புறப்படும் நாளன்று மகள் அப்பாவின் எதிரே வந்து நின்றாள்.

"இருக்கீங்களாப்பா, வர்றீங்களா? நீங்களே சொல்லுங்க."

"இருக்கேம்மா" என்றார்.

அவள் தலையசைத்தாள். மூலையில் அந்த ஒரு சாண் ஈரம் அவள் மனத்தைவிட்டு இறங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. செருப்பை மாட்டிக்கொண்டே என்னிடம், "அடுத்த பூச்சுக்குச் சுண்ணாம்பு எத்தினி நாளும்மா ஊறணும்?" என்று கேட்டாள்.

"பத்து நாள்."

"தை பொறந்ததும் ஊற வச்சிடுங்க. லீவு சொல்லிட்டு வர்றேன். அந்த மூலைய நான் அடிக்கிறேன்."